ஓக் குற்றியின் ஆணி

எல்லா மரக்குற்றிகளின் மேலும் எறும்பு ஊர்ந்தது. அந்த ஒன்றின் மேல் மட்டும் ஊரவில்லை. சிமெந்துத் தரையில் நேராக வந்த எறும்புச் சாரை, அந்த ஓக் குற்றிக்கு ஒரு முழம் முன்னால் வளைந்து, சுற்றிப் போய், அந்தப் பக்கம் மறுபடி நேரானது. ஜெயரட்ணம் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எறும்பு பார்க்கவா சம்பளம் என்று தன்னையே கடிந்துகொண்டு வேலையில் இறங்கினான்.

மதியச் சாப்பாடு முடிந்தால் பலேர்மோவே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த மரக்காலையில் அவனும் மன்னார்ப் பெடியன் அகஸ்ரினும் மட்டும்தான். இதுவரை கப்பலில் வந்த பிறநாட்டு மரத்தைத்தான் அங்கே அரிந்தார்கள். சிசிலி மலைகளில் வெட்டிய மரத்தை அரிவதற்குத் தனிப் பதிவு வேண்டும். பின்னேரம் வன அதிகாரிகள் வந்து, தங்கள் கண்முன்னே ஒரு குற்றியை அரிந்துகாட்டச் சொல்வார்கள். பதிவு கிடைத்தால் முதலாளி சிஞ்ஞோரா அவனுக்கு நிரந்தர வேலை எழுதித் தருவாள். நிரந்தர வேலை இருந்தால் பெர்மெஸ்ஸோ, தங்கியிருக்கும் அனுமதி. பெர்மெஸ்ஸோ இருந்தால், கொழும்பு லொட்ஜ் அறையில் பொலிஸ் சோதனைக்குப் பயந்து கிடக்கும் மனைவி யோகாம்பாளைக் கூப்பிட்டுவிடலாம்.

மலை மரத்தில் ஆணி இருக்கும், பழைய வேலிக்கம்பி இருக்கும். மரம் அரியும் வாள் அதில் பட்டால் பல் தெறிக்கும். அதிகாரிகள் முன்னால் தெறித்தால் எல்லாம் போச்சு. அதனால் இரும்பு தேடும் கருவியை ஒவ்வொரு குற்றியாகத் தடவி, இருப்பதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, குளிர்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன். அந்த ஒண்டுதானே மிச்சம், பாத்து முடியுங்கோ” என்றான் அகஸ்ரின்.

“ஓம். கெதியா வா.”

அவன் போனதும் தகரக்கூரையைச் சூடான சிரொக்கோ காற்று அசைக்கும் சத்தமும், தூரத்தில் கப்பல் சங்கிலி இழுபடும் சத்தமும், ஈரமான மரத்தூளின் புளித்த மணமும், பலகை அடுக்குகளுக்கிடையே நகராமல் கிடந்த கட்டை நிழல்களும் ஒன்றாக அவனைச் சூழ்ந்துகொண்டன. நல்ல உச்சிவெயில். ஆனாலும் பயமாக இருந்தது.

ஓக் குற்றியின் நடுவில் கருவி கத்தியது. உளியால் செதுக்கினான். ஒரு சாண் ஆழத்தில் ஆணித்தலை தெரிந்தது. அவ்வளவு மரம் அதன் மேல் வளர்ந்து மூடியிருந்தது. ஆணியின் கழுத்தில் ஒரு கொத்துப் பெண்மயிர் சுற்றிக் கட்டியிருந்தது.

உளியைக் கீழே வைத்தான். ஊரில் பேய் பிடித்தவளின் உச்சிமயிரை அறுத்துப் புளியமரத்தில் ஆணியோடு அறைவார்கள். அறைந்தவர் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கமாட்டார். அந்த ஆணியை ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் இந்த ஆணி, தமிழன் ஒருவன் இந்த ஊரில் கால் வைப்பதற்கு எவ்வளவோ முன்பே அறைந்தது.

விட்டுவிடலாமா? விட்டால் வாள் போய்விடும். யோகம் அந்த லொட்ஜிலேயே கிடப்பாள்.

குறட்டால் பிடித்து இழுத்தான். ஆணி வழுக்கிக்கொண்டு வந்தது. மயிர் ஈரமாக இருந்தது. நல்லெண்ணெய் மணத்தது. கையை உதறினான். ஆணி மரத்தூளில் விழுந்தது. வேறு மரத்தில் உடனே அறைந்துவிட வேண்டும். சுத்தியலைத் தேடினான்.

“இஞ்சாருங்கோ.”

“ஓம், வாறன்” என்றான்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து யோகத்தின் ‘இஞ்சாருங்கோ’வுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். நினைக்குமுன் சொல்லிவிட்டது.

பலகை அடுக்குக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. காற்று நின்றிருந்தது. ஆணி கிடந்தது. மயிர் இல்லை.

அகஸ்ரின் தண்ணீரோடு திரும்பினான். பின்னேரம் அதிகாரிகள் வந்தார்கள். வாள் சுழன்றது. பல் தெறிக்கவில்லை. குற்றி இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே பொந்து. வழவழப்பாக. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓராள் குந்தியிருக்கக்கூடிய அளவு. பழைய ஓக் அப்படித்தான் என்று ஓர் அதிகாரி தோளைக் குலுக்கினார். பதிவு கிடைத்துவிட்டது. சிஞ்ஞோரா அவனைக் கட்டிப்பிடித்து, மனைவியை வரச்சொல் என்றாள். ஜெயரட்ணத்துக்கு அழுகை வந்தது. பயமா சந்தோசமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அகஸ்ரின் அவனுடைய தோளுக்கு மேலால் பார்த்துச் சிரித்தான்.

“என்னண்ணை, அக்கா வந்திட்டா எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையே? படத்தில பாத்த மாதிரியே இருக்கிறா.”

காலையில்தான் யோகம் கொழும்பிலிருந்து ரெலிபோனில் கதைத்தாள்.

சிஞ்ஞோரா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். இரு கன்னத்திலும் முத்தமிடும் சத்தம் கேட்டது. அதிகாரிகள் கைதட்டினார்கள். அவன் திரும்பவில்லை. நல்லெண்ணெய் மணம் கிட்ட வந்தது. பச்சை மரம்போலக் குளிர்ந்த விரல்கள் அவன் விரல்களுக்குள் நுழைந்தன.

“கூப்பிட்ட உடனை ஓம் எண்டனீங்கள்” என்றது யோகத்தின் குரல். “வாங்கோ, வீட்டை போவம்.”

சிஞ்ஞோரா சிரித்துக்கொண்டே அவன் முதுகில் கைவைத்து, அவளை நோக்கித் தள்ளினாள்.