பழைய பதிப்பின் மிச்சம்

கணினித் திரையில் மூன்று பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. 'புதிய பதிப்புக்குக் கொண்டுசெல்லப்படுபவை: அப்பா, அம்மா.' வாலுவின் பயனர் கணக்கைக் காணோம்.

அவன் வீட்டு வரைபடம் போட்டுப் பிழைப்பவன். கணினியோ அரதப்பழசு. புது வரைபட மென்பொருள் அதில் ஓடாது என்று கைவிரித்துவிட்டதால், மதியச் சாப்பாடு முடிந்ததும் இயங்குதளத்தையே மாற்ற உட்கார்ந்தான். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. இந்த மனுஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் படிக்கமாட்டான். 'ஆம்', 'அடுத்து', 'ஆம்' என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே போவான். "ஒருநாள் வீட்டையே எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கப்போறீங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் இப்போது அலுவலகத்தில் இருந்தாள்.

வாலு அவர்களுடைய ஆறு வயது மகள். வாய்த்துடுக்குக்காக வீட்டில் வைத்த பெயர். பக்கத்து அறையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, முடிஞ்சுதா? நான் கேம் விளையாடணும்."

"இருடா கண்ணு. இருபது பர்சன்ட்தான் ஆயிருக்கு."

கணக்குத்தானே, பிறகு புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவன் சாய்ந்து உட்கார்ந்தான். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கணினிப் பெட்டிக்குள் மின்விசிறி இரைந்தது. சூடேறிய தூசியின் வாடையோடு அவளுடைய மெழுகு பென்சிலின் வாசம் கலந்து வர, தலையும் வாலும் இல்லாத ஒரு மெட்டை அவள் முனகிக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்தொன்றில் மெட்டு பாதியில் நின்றது.

"வாலு?"

எழுந்து போய்ப் பார்த்தான். தரையில் காகிதம் மட்டும் கிடந்தது. அதில் அப்பா, அம்மா. இருவரின் கைகளும் நடுவிலிருந்த வெள்ளை இடத்தை நோக்கி நீண்டிருந்தன. பக்கத்தில் கிடந்த சிவப்பு மெழுகு பென்சிலை எடுத்தான். இன்னும் சூடாக இருந்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். குளியலறையில் பார்த்தான். வாசல் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளை நிறுத்திக் கோடு போட்ட கதவு நிலையைத் தடவினான். ஒரு கோடுகூட இல்லை. மனைவிக்குப் போன் போட்டான்.

"வாலு உன்கிட்ட வந்தாளா?"

"யாருங்க?"

"நம்ம பொண்ணும்மா!"

"இந்த விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஒரு குழந்தைக்காக எத்தனை டாக்டரப் பாத்தாச்சு. மறுபடி ஏங்க கிளறுறீங்க?" வைத்துவிட்டாள்.

அவன் கணினியிடம் ஓடினான். எழுபத்தாறு. சுவிட்சில் விரலை வைத்தபோது திரையில் புது வரி வந்தது. முதன்முறையாக ஒரு வரியை முழுசாகப் படித்தான். 'அணைக்காதீர்கள். அணைத்தால் எஞ்சியவையும் அழியும்.'

எஞ்சியவை. அப்பா, அம்மா.

ஐயோ, அவன் என்ன செய்வான்? அணைக்க முடியவில்லை. விரலை எடுக்கவும் முடியவில்லை. நின்றபடியே அழுதான்.

எண்பத்தெட்டு. பள்ளியில் கொடுத்த பெயர் என்ன? நாக்கு நுனியில் இருந்தது. போய்விட்டது.

தொண்ணூற்று மூன்று. கன்னத்தில் மச்சம். இடதா? வலதா?

தொண்ணூற்றொன்பது. யாருக்கு?

நூறு.

திரை பளிச்சென்று விடிந்தது. அப்பாடா, ஒருவழியாக முடிந்தது. எதற்காக நின்றுகொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தான். முகம் ஈரமாக இருந்தது, துடைத்துக்கொண்டான். கையிலிருந்த சிவப்பு மெழுகுத் துண்டைப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டான்.

பெட்டிக்குள் மின்விசிறி ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில் ஏதோ ஒரு மெட்டு, தலையும் வாலும் இல்லாமல், உள்ளேயிருந்து சன்னமாகக் கேட்டது.

திரை கேட்டது. 'பழைய பதிப்பின் மிச்சம் பத்து நாள் பத்திரமாக இருக்கும். விரும்பினால் திரும்பிப் போகலாம். இல்லையென்றால் இப்போதே நிரந்தரமாக அழிக்கவா?'

அவன் படிக்கவில்லை. 'ஆம்' என்று தட்டினான்.

மெட்டு நின்றது.

"அப்பா? முடிஞ்சுதா?"

ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று வயரைப் பிடுங்கிப் போட்டான். பிடுங்கிய பிறகும் பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. திரையில் அழிந்த அளவு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது.