வெட்டின புங்கமரத்தின் நிழல்

படவேட்டுக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன பச்சையம்மாள், சேவூரில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கையில் குங்குமப் பொட்டலம். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் புங்கமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று புது லேஅவுட் பக்கம் நடந்தாள்.

தூரத்திலேயே வானம் அதிகமாகத் தெரிந்தது.

மரம் இல்லை.

அந்தப் புங்கமரத்தடியில்தான் நெசவுக்காரர்கள் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவார்கள். பச்சையம்மாளும் போட்டவள்தான். தாழ்ந்த கிளையில் தூளி கட்டி, அதில் மகனைத் தூங்கவைத்துவிட்டு வேலை பார்ப்பாள். பல் முளைக்கிற வயசில் ஒரு காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. பச்சைப் பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை. அந்த மரத்தடியிலேயே புதைத்தார்கள். குழி வெட்டிய அவள் புருஷன் முத்துவேல் அதற்கப்புறம் அந்தப் பக்கம் கால் வைக்கவே இல்லை. கல் கிடையாது, பேர் கிடையாது. மரம்தான் அடையாளம்.

"அழாதம்மே, இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று ஊரே ஆறுதல் சொன்னது. உருப்படாத ஆறுதல்! அறுந்த இழைக்குப் பதில் வேறு இழையை முடிச்சுப் போடலாம். பிள்ளைக்கு?

இப்போது அங்கே செம்மண் கிராவல் கொட்டி, தரையை மட்டமாக இழுத்து வைத்திருந்தார்கள். அடிமரம்கூட இல்லை. சைட் சூப்பர்வைசர் யோவான் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். மரம் பார்க்குக்குள்ளதான் வருது, அதுக்கு நான் கேரண்டி என்று சத்தியம் பண்ணியவன் அவன்தான்.

"யக்கா, ஓனர் ரோட்டை இப்டித் திருப்பிட்டாரு. நான் இன்னா பண்றது? பர்மிஷன் வாங்கித்தான் வெட்டினாங்க. ஒண்ணுக்குப் பத்தா கன்னு வெச்சாச்சு, பாரு."

காம்பவுண்ட் ஓரம் பச்சை வலைக்குள் பத்துக் குச்சிகள் நின்றன. அதற்குப் பேர் கன்றாம்!

"உன் கன்னு யாருக்கு வோணும்? எம்புள்ள எங்க கீறான், அத்தச் சொல்லு."

யோவான் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது.

"தெரியலக்கா" என்றான். "காலைல தார் ஊத்த வராங்க."

பிள்ளைமேல் தார் ஊற்றி, லாரி ஓட்டுவார்களா? செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கிராவல் மேல் அங்கேயும் இங்கேயும் அலைந்தாள். பகலெல்லாம் காய்ந்த கிராவல் உள்ளங்காலைச் சுட்டது.

ஓரிடத்தில் சுடவில்லை.

குளுகுளுவென்றிருந்தது.

குனிந்து பார்த்தாள். தரையில் நிழல். இலை இலையாக அசைந்தது.

அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம்.

புங்கம்பூ வாசனை வந்தது. பூக்கிற மாசமே இல்லை அது. பிறகு அந்தச் சத்தம். கிளையில் கயிறு உராயும் சத்தம். கிரீச்... கிரீச்...

நிழல் மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது.

யோவான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். "யக்கா... வா, ஜல்தியா போய்டலாம்" என்று கிசுகிசுத்தான்.

"உனக்கும் தெரியுதா?"

"தெரியுது."

அவளுக்கும் பயம்தான். ஆனால் பெற்றவள் எங்கே ஓடுவாள்? கிளையின் நிழலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிளையிலிருந்து அடிமரம், அடிமரத்திலிருந்து வேர். நிழல் எங்கே தொடங்கியதோ, அங்கே மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். அவள் அழுத அழுகையில் யோவானும் அழுதான். எழுந்து போய் ஒரு கன்றைப் பிடுங்கிவந்து, அவள் தலைமாட்டில் நட்டான்.

காலையில் தார் வண்டி வந்தது. டிரைவர் அந்தக் குச்சிக் கன்றையும், தரையில் அது போட்டிருந்த பெரிய நிழலையும் பார்த்தார். வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். அந்த இடத்தில் ரோடு இப்போது வளைந்துதான் போகிறது. மனை வாங்க வருகிறவர்கள் ஏனென்று கேட்டால் ஓனர் பேச்சை மாற்றிவிடுவார்.

காம்பவுண்ட் ஓரத்துக் கன்றுகள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்து செத்தன. இது மட்டும் துளிர்த்தது. பச்சையம்மாள் தினமும் ஒரு குடம் ஊற்றிவிட்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்து, காற்றில் கையை நீட்டி ஆட்டுவாள். தரையில் தூளி ஆடும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், தூளி ஆடவில்லை.

வெறுந்துணியாகத் தொங்கியது.

"எங்கடா போன, கண்ணு?"

இதுவும் போச்சா என்று எழுந்து, காலிக் குடத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். முதுகில் சாயங்கால வெயில். முன்னால் அவள் நிழல் நீளமாகப் போனது.

வலது கையில் குடம்.

இடது இடுப்பில் ஒரு குழந்தை.

இடுப்பைத் தடவிப் பார்த்தாள். யாருமில்லை. ஆனால் உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, கனம் தூக்குகிறவள் மாதிரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்துவிடப் போகிறான் என்று மெதுவாக நடந்தாள்.

வீட்டு வாசலில் முத்துவேல் நின்றிருந்தான். அவள் நிழல் படியேறி அவன் காலடிக்கு வந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அந்த நிழலின் இடுப்பைப் பார்த்தான்.

பிறகு ஒதுங்கி நின்று, ஒருக்களித்திருந்த கதவை முழுசாகத் திறந்துவிட்டான்.