சடைச்சிக்கு ஒரு வாசல்

சிட்லபாக்கத்து வீட்டில் சாயங்கால மின்ரயிலின் சத்தம் ஜன்னல் கம்பிகளை லேசாக அதிரவைத்துவிட்டுத்தான் போகும். அன்று அது கம்பளியில் சுற்றிவைத்த ரேடியோவைப் போல எங்கோ முனகியது. எழுதிக்கொண்டிருந்த ஜாய்சன் தலை தூக்கினான். எதிர்வீட்டு டிவி, ஷேர் ஆட்டோ ஹாரன், ஏரிப் பக்கத்துத் தவளைகள் எல்லாமே அப்படித்தான் அமுங்கியிருந்தன. மின்விசிறி சுழன்றும் காற்று புழுங்கிக் கிடந்தது. காதில் சளி அடைத்திருக்கும் என்று ஒவ்வொரு காதாகப் பொத்தித் திறந்து பார்த்தான். காதில் கோளாறில்லை.

செல்போன் அடித்தது. ஏசுதாசன். கதைக்காக ஊர் ஊராகத் திரியும் ஜாய்சனை மேல்சோலை என்ற மலைக் குக்கிராமத்துக்கு அழைத்துப்போன பள்ளி ஆசிரியர்.

"என்ன சார், பத்திரிகையில போட்டோ வந்ததும் எங்கள மறந்துட்டீங்க போல? உங்க கதைய ஊருக்கே படிச்சுக் காட்டினேன்."

"பிடிச்சிருந்துச்சா?"

ஏசுதாசன் குரலில் இருந்த சிரிப்பு நின்றது. "செத்துப்போன பொண்ணு பேரையாவது மாத்தியிருக்கலாம் சார். சடைச்சின்னே போட்டுட்டீங்க. சரி, விடுங்க. நீலக் கதவு, ஓரம் உடைஞ்ச படி, வலது பக்கம் கிணறு... அப்படி ஒரு வீடு எங்க மலையிலயே கிடையாதே. அவங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க, அது யார் வீடுன்னு."

ஜாய்சனுக்கு முகம் சுட்டது. மேல்சோலையில் பிணம் போன வாசலைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டு வேறு பக்கம் வாசல் திறப்பார்கள். திரும்பி வரும் இறந்தவருக்கு வீடு அடையாளம் தெரியக் கூடாது. அவன் கதையில் சடைச்சி வாசலைக் கண்டுபிடித்து உள்ளே போய்விடுகிறாள். அவள் குடிசை சரியாக நினைவில்லாததால், கண்ணெதிரே இருந்த வீட்டைப் பார்த்து எழுதியிருந்தான்.

"என் வீடுதான் சார். சும்மா, ஒரு வர்ணனைக்கு..."

"ஐயோ! வெளிய வந்துடுங்க சார். எதையும் எடுக்காதீங்க, இப்பவே வெளிய..."

தொடர்பு அறுந்தது.

சிரிக்கப் பார்த்தான். ஆனாலும் எழுந்து கூடத்துக்குப் போய் விளக்கைப் போட்டான். வாசல் இருந்த இடத்தில் சுவர். செம்மண் சுவர், ஈரம் காயாமல். கொல்லைக் கதவுக்கு ஓடினான். அங்கும். படுக்கையறை ஜன்னல். அதுவும். கத்தினான். குரல் மண்ணில் அமுங்கிப்போனது.

வெளியே நின்று யாரோ அடைக்கிறார்கள். மனிதர்கள்தான். கெஞ்சினால் விட்டுவிடுவார்கள்.

முன்வாசலுக்கே திரும்பி நகத்தால் பிறாண்டினான். அப்போதுதான் கண்ணில் பட்டது. பூச்சு முழுக்க விரல் தடங்கள். மெலிந்த விரல்கள். வளைத்து வளைத்து, பொறுமையாக மெழுகியவை.

உள்பக்கமாக.

எழுதும் அறை ஜன்னல் இன்னும் பாக்கி. ஓடினான்.

பாதி ஜன்னல் அடைபட்டிருந்தது. மீதிப் பாதியில் தெருவிளக்கு தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே, அறைக்குள்ளேயே, அவனுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தவள், இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்.