என் காதைப் பாருங்க

காலையில் வந்த தபால்காரரிடம்தான் அது தொடங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், கண் பரிசோதிப்பவளான அவள், முழங்காலோடு முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் அமர்ந்து, சிறு விளக்கை அவர் கண்ணுக்குள் அடித்தபடி, எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள்: "என் காதைப் பாருங்க. அசையாதீங்க."

விளக்கை அணைத்த பிறகும் அவர் பார்வை அவள் முகத்துக்குத் திரும்பவில்லை. இடது காதுக்குச் சற்று அப்பால், தோளுக்கு மேலே, இன்னொரு முகம் இருக்கக்கூடிய உயரத்தில் நின்றது. அங்கே பார்த்தே நன்றி சொன்னார், தலையாட்டினார், போனார். மனுஷனுக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்து வந்த தையல்காரம்மாவும் அங்கேதான் பார்த்தாள். மதியம் முதலாளி வந்து, வழக்கமான அறுவை ஜோக் ஒன்றை அவள் தோளைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் வாயே திறக்கவில்லை. பதில் கிடைத்ததுபோல் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் போனதும் அவள் எழுந்தாள். கண்ணாடியில் பார்த்தாள், பின்னால் வெறும் சுவர். ஆனால் லென்ஸ் துடைக்கும் திரவத்தின் நெடிக்குக் கீழே, வெகுநாள் பூட்டிக்கிடந்த அலமாரியின் வாடை வந்தது. பிடரியில் இளஞ்சூடாக ஒரு மூச்சு. அவள் தன் மூச்சை அடக்கினாள், அந்த மூச்சு அடங்கவில்லை. ஒன்பது வருடமாக எத்தனை ஆயிரம் பேரை அந்தக் காலி இடத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

போகட்டும், இன்று சனிக்கிழமை. ஐந்து மணிக்கு மகள் வருவாள். விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியது வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான். நாளெல்லாம் ஊரார் கண்ணைப் பார்ப்பவளை, கண்ணைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட இந்த உலகத்தில் அந்த ஏழு வயதுக் குழந்தை மட்டுமே இருந்தாள். யார் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் பார்த்தால் போதும்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார் குழந்தையின் அப்பா, அவள் தோளுக்கு மேலே பார்த்து. அவர் அவள் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ காலம் ஆகிறது, அதில் அதிசயமில்லை. அவர் போய்விட்டார்.

அவள் மண்டியிட்டாள். மகளின் கன்னங்களை இரு கையாலும் பிடித்தாள்.

"செல்லம், அம்மாவைப் பாருடி."

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னைப் பாரு. இங்க. என் கண்ணைப் பாரு."

பார்க்கவில்லை. தோளுக்கு மேலே பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு சிணுங்கினாள்.

"அம்மா, இந்த ஆன்ட்டி கை சில்லுன்னு இருக்கு. விடச் சொல்லும்மா."

பிடரியில் மூச்சு. மிக அருகில்.

அவள் கத்தினாள். குழந்தை திரும்பவில்லை. மீண்டும் கத்தினாள். சத்தமே வரவில்லை.

கைகள் நழுவின.

குழந்தை இரண்டு கைகளையும் அவள் தோளுக்கு மேலே நீட்டினாள். கால்கள் தரையை விட்டு எழும்பின. சின்னச் செருப்பு ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு, மெல்ல, மேலே போனது.