நாற்பத்தேழாவது வழக்கு

காலடிப்பேட்டை வீட்டுக்கு ஜூடி வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே மட்டும் பொழுது விடியாத மாதிரி இருட்டு. உரக் கம்பெனி வாடை வேறு மூக்கைத் துளைத்தது.

"சன்னலத் தொறந்து வெக்கக் கூடாதா அத்தை?"

"உங்க நைனாவுக்குக் கண்ணு கூசுதாம்," என்றாள் ஃப்ளோரா அத்தை, சாதாரணமாக.

ஜூடிக்குச் சுருக்கென்றது. அப்பா செல்வநாதன் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. காசிமேடு கல்லறையில் அவளேதான் முதல் பிடி மண் போட்டாள்.

டெல்லிக்கு மட்டும் அவர் இன்னும் சாகவில்லை. இந்த வீடு யாருக்கு என்று அவர் போட்ட வழக்கு பத்தொன்பது வருஷமாக உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. கீழ்க் கோர்ட்டுகளில் எல்லாம் தோல்வி. காலி செய்யக் கூடாது என்று டெல்லி கொடுத்த தடை உத்தரவை நம்பித்தான் அத்தை இங்கே உலை வைக்கிறாள். மனுதாரர் இறந்தால் தொண்ணூறு நாளைக்குள் வாரிசைச் சேர்க்க வேண்டும். சொன்னால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, ஜூடி வக்கீலிடம்கூட வாய் திறக்கவில்லை. அறிவு கெட்ட வேலை. வாரிசைச் சேர்க்காவிட்டால் வழக்கே அற்றுப்போகும் என்று வக்கீல் ஜெஸ்வின் போன மாதம் திட்டித் தீர்த்த பிறகுதான் புரிந்தது. இன்று தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு. மன்னிக்காவிட்டால் வீடு போச்சு.

டெல்லியிலிருந்து ஜெஸ்வின் கூப்பிட்டான். ராயபுரத்துக்காரன், கூடப் படித்தவன்.

"இங்க எண்பதாயிரம் கேஸ் கீது ஜூடி. நமக்கு ஒரு நிமிசம் கெடச்சாலே பெருசு. நான் பேசிக்கிறேன். நீ கம்முனு பாத்துகினு இரு."

அவன் அனுப்பிய கோர்ட் காணொளி இணைப்புக்குள் போய், போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இரண்டு நீதிபதிகள். கூட்ஸ் வண்டி மாதிரி வழக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. பன்னிரண்டு, முப்பது, நாற்பது. ஒவ்வொன்றிலும் யாருடைய வீடோ, யாருடைய ஜெயிலோ. ஒரு நீதிபதி கண்ணைக் கசக்கிக்கொண்டார். பாவம், அவரும் மனுஷர்தானே.

நாற்பத்தேழு.

மனுதாரர் இறந்துவிட்டார் என்று ஜெஸ்வின் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். நீதிபதி கையை உயர்த்தித் திரையை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் பெரியவர் யார்?"

அத்தை அடுப்படியில் இருந்தாள்.

ஜூடி திரையில் தன் சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். தோளுக்குப் பின்னால் வெறும் இருட்டு. ஆனால் கழுத்தோரம் குப்பென்று ஒரு வாசம். அப்பாவின் சவப்பெட்டிக்குள் தெளித்த யூடிகொலோன்.

"கை கூப்ப வேண்டாம். உட்காருங்கள் ஐயா," என்றார் நீதிபதி, இரக்கமாக.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"தன் பெயர் செல்வநாதன் என்கிறாரே வக்கீல் சார்! உயிரோடு இருப்பவரைச் சாகடிக்கிறீர்களா?"

ஜெஸ்வின் கோப்பில் இறப்புச் சான்றிதழைத் தேடினான். அதற்குள் நாற்பத்தெட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

"இன்னா ஜூடி இது?" அவன் குரல் கிசுகிசுத்தது. "நைனா குரலு எனக்குத் தெரியாதா? அவருதான் பேசினாரு."

சாயங்காலம் உத்தரவு வந்தது. மனுதாரர் காணொளியில் ஆஜர். இறந்ததாகச் சொல்லும் மனு தள்ளுபடி. தடை உத்தரவு நீடிக்கும். வழக்கு அதன் முறை வரும்போது விசாரிக்கப்படும்.

வீடு தப்பித்தது. சந்தோஷமா, பயமா என்று தனக்கே தெரியாமல் ஜூடி விம்மி விம்மி அழுதாள்.

அவள் தலையைச் சில்லென்று ஒரு கை தடவியது.

"அழாதம்மா. அடுத்த வாய்தா எப்போ?"