முதலாம் ஆண்டு இன்னும் மாடியில்தான்

கமலநாதன் சாருக்கு டிரில் என்றால் உயிர். விளையாட்டுப் போட்டி வந்தால் அணிவகுப்பு டிரில். கணக்குப் பாடத்தில் வாய்ப்பாட்டு டிரில். சென்ற வாரம் அறிவிப்புப் பலகை மாட்ட ஆள் வரவில்லை என்று, வீட்டிலிருந்து டிரில் மெஷினைக் கொண்டுவந்து அவரே சுவரைத் துளைத்துவிட்டார்.

இப்போது தீ டிரில். பாதுகாப்பான பள்ளிக்குப் பரிசு கொடுக்கப்போகிறார்கள். பார்வையிட வெள்ளிக்கிழமை ஒரு தீயணைப்பு அதிகாரி வருகிறார். மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் தங்கள் தமிழ்ப்பள்ளிக்கே முதல் பரிசு கிடைக்க வேண்டும் என்று சார் ஒற்றைக்காலில் நின்றார்.

ஆகவே தினமும் ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் வரிசையாகத் திடலுக்குப் போக ஒத்திகை. அதிகாரிக்கு மாலை போடுவதற்குக்கூட ஒரு ஒத்திகை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் படிக்கும் குமுதாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவள் தம்பி ரிஷி முதலாம் ஆண்டு. போன மழையில் கீழ்த்தள வகுப்பறைகளில் வெள்ளம் புகுந்ததால், அந்தச் சின்னப் பிள்ளைகளை மேல்மாடியின் கோடியில் உட்கார வைத்திருந்தார்கள். மணி அடிப்பதற்கு முன்பே குமுதா அவர்களைத் திடலுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும்.

"முன்னாடியேவா சார்?"

"ஆமா லா. அதுங்க மெதுவா இறங்கும். நம்ம டைம் கெட்டுப்போகும்."

அன்று வீட்டில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸைச் சாப்பிடும்போது குமுதா தம்பியைக் கேட்டாள்.

"மணி அடிச்சா நீங்க என்ன செய்வீங்க?"

"நாங்கதான் ஏற்கெனவே கீழ இருப்போமே."

"நெஜமா நெருப்பு பிடிச்சா?"

ரிஷி யோசிக்கவே இல்லை. "அதுக்கு முன்னாடியே சார் சொல்லிருவாரு, அக்கா."

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயம் வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. மீதி மீயை அவளால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் அவள் சாரிடம் போனாள். "சார், முதலாம் ஆண்டும் மணி அடிச்ச பிறகே இறங்கட்டும்."

"இது வெறும் டிரில்தானே, குமுதா. சொன்னத மட்டும் செய்."

"அப்ப அவங்க எப்பதான் பழகுறது?"

"பரிசு வாங்கின பிறகு பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மாலை ஒழுங்காக அவர் கழுத்தில் விழுந்தது. திடலிலிருந்து கமலநாதன் சார் மேல்மாடியைப் பார்த்து ரகசியமாகக் கையசைத்தார். மேலே வகுப்பு வாசலில் நின்ற குமுதா பார்த்தாள். ஆனாலும் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் போய் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சார் கைய காட்டுறாரு பாரு. கூட்டிட்டுப் போகலையா?" என்றார் வகுப்பாசிரியை லெட்சுமி டீச்சர்.

"மாட்டேன் டீச்சர். இன்னும் மணி அடிக்கல."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "சரி, உக்காரு," என்றார்.

மணி அடித்தது. வகுப்புக்குப் பக்கத்திலேயே பின்படி இருந்தது. ரிஷியின் கையைப் பிடித்துக்கொண்டு குமுதா முன்னே போனாள். முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள்.

பொங்கல் விழாவுக்கு வாங்கிய பானைகள், அடுப்புச் செங்கல்கள், கூடாரக் கம்பிகள், அடுக்கிவைத்த நாற்காலிகள். படியே தெரியவில்லை. ஒத்திகையில் எல்லாரும் முன்படியில் இறங்கியதால் இந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்க்கவே இல்லை.

"திரும்புங்க பிள்ளைங்களா," என்றார் டீச்சர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

மறுபடி மேலே ஏறி, நீளமான நடைபாதையைக் கடந்து, முன்படியில் இறங்கினார்கள். நடுவில் ஒருவனுக்குக் காலிலிருந்து சப்பாத்து கழன்றது. அவர்கள் திடலுக்கு வந்தபோது மற்ற வகுப்பினர் நின்று நின்று அலுத்துப்போயிருந்தார்கள்.

சார் பல்லைக் கடித்தார். "என்ன செஞ்சிருக்க நீ?"

"நீங்க சொன்னத செய்யல சார்." அவள் தலை குனியவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம் என்று அதிகாரி மலாயில் கேட்டார். சார் வாயைத் திறப்பதற்குள் குமுதாவும் மலாயிலேயே பதில் சொன்னாள். "பின்படி முழுக்கப் பானை இருக்கிறது, ஐயா. வந்து பாருங்கள்."

அதிகாரி மாலையோடு போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மாலையைக் கழற்றிச் சாரின் கையில் கொடுத்தார். "முதலில் அந்தப் படியைக் காலி செய்யுங்கள். பிறகு இன்னொரு முறை மணி அடிப்போம்," என்றார்.

ஐந்தாம் ஆண்டு பிள்ளைகள் பின்படியில் வரிசையாக நின்று, சாமான்களைக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். கமலநாதன் சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் குமுதாவுக்கு அடுத்து நின்றார்.

"முதல் பரிசு போச்சு. எல்லாம் உன்னால," என்று முணுமுணுத்தார்.

"போகட்டும் சார்," என்றாள் குமுதா. "பானையப் புடிங்க, கனக்குது."