நோவில்லாதவர்களின் பாதங்கள்

விடிந்ததும் அந்தக் கடற்கரை நகரத்தின் எல்லா வீடுகளிலும் உடல் பார்ப்பார்கள். மீன் கிடங்கில் வேலை செய்யும் கிளாடுவின், தன் மனைவி ரெஜினாவின் முதுகையும் முழங்கையையும் பாதங்களையும் பார்த்து "சரி" என்பான். பிறகு அவள் அவனைப் பார்த்து "சரி" என்பாள். பல் துலக்குவதைப் போல அதுவும் ஒரு வேலை. அன்று கஞ்சி பொங்கிவிட்டதால், அடுப்படியிலிருந்தே அவன் பக்கம் ஒரு பார்வை வீசினாள்.

"சரியா?"

"சரி, சரி. சட்டையப் போடுங்க. எனக்கு நேரமாச்சி."

அவளுக்குக் கடற்சுவரில் வேலை. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நடந்து, கம்பியால் சுவரைத் தட்டி, விரிசல் எங்கே என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சுவர் இல்லையென்றால் ஊர் இல்லை. அவளுக்கும் அது இல்லாமல் ஒரு நாள் போகாது.

"ஏட்டி, என்ன நண்டு கணக்கா நடக்க?" என்றாள் கூட வேலை செய்யும் பியூலா. "பூட்ஸக் கழட்டு பாப்போம்."

இடது பூட்ஸ் கழலவில்லை. கத்தியால் வெட்டித்தான் எடுத்தார்கள். உள்ளே இருந்த பாதம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ரெஜினாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கழுத்தெலும்பின் கீழ் நோவடக்கியைப் பதித்துவிடுகிறார்கள். வலி என்பது பழைய பாட்டுகளில் மட்டும் மிஞ்சிய சொல்.

மருத்துவர் வெண்மதி திரையில் படத்தைக் காட்டினார். "சுண்டுவிரலுக்குப் பின்னால இருக்கிற நீள எலும்பு. ஒடிஞ்சு ரொம்ப நாளாச்சு. அதோடவே நடந்து நடந்து ரெண்டு முனையும் விலகிப்போச்சு. வீட்ல தினமும் பார்க்கிறாங்கல்ல?"

கூட வந்திருந்த கிளாடுவின் தரையைப் பார்த்தான்.

"கட்டுப் போட்டா சேராதா டாக்டர்?" என்றாள் ரெஜினா.

"திருகு வச்சு, கட்டும் போட்டா சேரும். ஆனா காலை ஊன்றக் கூடாது. நோவடக்கி இருக்கிற யாரும் ஊன்றாம இருந்ததே இல்லம்மா. மறந்துபோய்த் தண்ணி எடுக்க எந்திரிப்பீங்க. திருகே முறிஞ்சு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். அதனாலதான் எல்லாரும் பாதத்தை எடுத்துட்டுச் செயற்கைப் பாதம் வச்சுக்கிறாங்க. சீக்கிரமே நடக்கலாம்."

"உப்புத் தண்ணி தாங்குமா அது?"

"தாங்காது."

ரெஜினா சன்னலுக்கு வெளியே தெரிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற வழியே இல்லையா?"

"நோவடக்கியை நிறுத்தலாம். அனுமதி உண்டு. கேட்கத்தான் ஆளில்ல. அப்புறம் நீங்க காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பே உங்களை எச்சரிக்கும்."

"எப்படி எச்சரிக்கும்?"

"எனக்கும் தெரியாதும்மா. படிச்சதுதான்."

திருகு வைத்து, நோவடக்கியையும் நிறுத்தியிருந்தார்கள். மயக்கம் தெளிந்தபோது அது வந்திருந்தது. பாதத்துக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு, நிறுத்தாமல் அரத்தால் எலும்பை ராவுவதைப் போல இருந்தது. அவள் அலறினாள். செவிலியர் இருவர் ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்படி ஒரு சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை.

வீடு திரும்பிய மறுநாள் காலை கிளாடுவின் கட்டிலருகே மண்டியிட்டான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"சூடு இருக்கு. நெறமும் இருக்கு." "நான் பாக்கவே இல்ல ரெஜி. தெனமும் சும்மா சரி சரின்னு சொல்லிட்டேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் தெறித்தது. திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் கஞ்சிப் பானையும், அடுப்படியிலிருந்து தான் வீசிய பார்வைகளும் நினைவுக்கு வந்தன.

"உங்க காலக் காட்டுங்க," என்றாள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"காட்டுங்கங்கேன்."

சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி வைத்தான். குதிகாலில் ஓர் ஆணி. மீன் கிடங்கின் பெட்டியிலிருந்து ஏறியதாக இருக்க வேண்டும். அதன் தலை மட்டும் தெரிய, சுற்றிலும் தோல் மூடி வளர்ந்திருந்தது. அங்கிருந்து கறுப்பு கிளம்பி, கணுக்காலைத் தாண்டி, கால்சட்டைக்குள் ஏறிப் போயிருந்தது. நாற்றம் அடித்தது. இத்தனை நாளும் மீன் வாடை என்றே அவள் நினைத்திருந்தாள்.

"என்னட்டி? சரியா?"

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

"ஐயோ, கால் வலிக்கா? இரு, இரு." அவன் துள்ளி எழுந்து, அவள் பாதத்துக்கு அண்டை கொடுக்கத் தலையணை எடுக்க ஓடினான், அந்தக் குதிகாலை நன்றாக ஊன்றி.